ஊரிசு மைதானம்: யார் அந்த ஊரிசு?

பிப்ரவரி 1, காட்பாடியிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அண்ணா, வேலூர் ஆபீசர்ஸ் லைன்ல ஊரிசு காலேஜ் கிரவுண்டு இருக்கே, அது ஊரிசு துரைன்னு ஒரு வெள்ளைக்கார ஆபீசர் ஞாபகமா வந்த பேர்னு எங்க தாத்தா சொல்றாரு. கோட்டைக்குள்ள சிப்பாய்ங்களுக்கு புட்பால் கத்துக்குடுத்தாராம், 1806 கலகத்துல செத்துட்டாராம். என் ஃபிரண்டு சும்மா கதைன்றான். நூறு ரூபா பந்தயம். நீங்க அங்க ஆடினவராச்சே, சொல்லுங்க.

பிப்ரவரி 2, இரவு

நூறு ரூபாயை யாரிடமும் கொடுத்துவிடாதே. உன் தாத்தா சொன்ன அதே கதையை எங்கள் பி.டி. மாஸ்டரும் சொன்னார். அவர் கதையில் மசாலா கூட. ஊரிசு துரை செத்த பிறகும் அமாவாசை ராத்திரியில் அகழிக்கரையில் பந்து உதைக்கும் சத்தம் கேட்குமாம். எட்டாவது படித்த எங்களுக்கு இது போதாதா? அந்த மைதானத்தில் கால் வைக்கும்போதெல்லாம் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். துரைக்கு மரியாதையாம்.

என் பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வரும். 1986 ஆகஸ்ட்டில் பள்ளிகளுக்கான ஒரு போட்டியில் அரையிறுதி வரைக்கும் போனோம். ஆட்டம் ஊரிசு மைதானத்தில். நான் லெப்ட் அவுட். இந்தச் சொல் இப்போது செத்துவிட்டது, உன் வயதுக்காரர்கள் விங்கர் என்கிறார்கள். மதியம் ஒரு தூறல் போட்டு நின்றிருந்தது. தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பூசணிக்காய் கனத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பந்துக்கு வாய் இருக்கும், வாயைக் கயிறு போட்டுத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் பக்கமாக நெற்றியில் வாங்கினால் மூன்று நாள் தழும்பு.

ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடித்தது நான். கோலி, அதாவது கோல்கீப்பர், பிடித்துவிட்டான். தட்டிவிடவில்லை, கடையில் தேங்காய் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் நெஞ்சோடு வாங்கிக்கொண்டான். அடுத்த நிமிடம் அவர்கள் கோல் போட்டார்கள்.

அந்த வருஷம் ஜூனில்தான் டி.வி.யில் உலகக் கோப்பை பார்த்தோம். பிரான்சோடு ஆடும்போது பிரேசிலின் ஜிகோ பெனால்டி விட்டார். அதே ஆட்டத்தில் கடைசியில் பிரான்சின் பிளாட்டினி கம்பிக்கு மேலே தூக்கி அடித்தார். அவர்களே விடும்போது நான் எம்மாத்திரம் என்று அன்றைக்கு வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கேட்டது பெனால்டி இல்லை. நாளைக்கு வருகிறேன்.

பிப்ரவரி 3, காலை

தாத்தா தோற்றார். கால்பந்துக்கு லண்டனில் சங்கம் வைத்து விதி எழுதியது 1863-ல். அதற்கு முன்னாலும் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் பந்து உதைத்தார்கள், சரி. ஆனால் கலகத்துக்குத் தலைப்பாகையும், குறி அழித்தலும், தாடி மழித்தலும் காரணமாக இருந்த அந்தக் கோட்டையில் சிப்பாய்களும் ஆபீசர்களும் சேர்ந்து பந்தாடினார்கள் என்பதை மக்கான் சந்திப்பில் இருக்கிற நினைவுத் தூண்கூட நம்பாது. 1806 ஜூலை 10 கலகத்தில் செத்துப்போன கோட்டைத் தளபதியின் பெயர் ஃபேன்கோர்ட். ஊரிசு இல்லை.

பிப்ரவரி 4, இரவு

கண்டுபிடித்துவிட்டேன்! கல்லூரி 1898-ல் வந்தது. ஊரிசு என்று நாம் சொல்வது ஆங்கிலத்தில் வூரீஸ். அந்த வருஷம் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் கவர்னர் பொறுப்பில் இருந்தவர் ஃபாஸ்டர் வூரீஸ். அடுத்த வருஷம் முழுக் கவர்னராகவே ஆகி 1902 வரைக்கும் இருந்தார். கல்லூரியை நடத்திய ஆற்காடு மிஷன் அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷன். அமெரிக்கா, வூரீஸ், 1898, மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றன. ஆக ஊரிசு துரை இருந்தது நிஜம், கோட்டையில் இல்லை, கவர்னர் மாளிகையில். தாத்தாவுக்கு ஐம்பது, உன் சிநேகிதனுக்கு ஐம்பது.

பிப்ரவரி 5, காலை

நேற்று எழுதியதை அடித்துவிடுங்கள். ஆள் தப்பு.

பிப்ரவரி 5, இரவு

எப்படித் தப்பியது என்று சொல்லிவிடுகிறேன். ஃபாஸ்டர் வூரீஸ் பிறந்த ஊர் கிளின்டன். அதே கிளின்டனில் இன்னொரு வூரீஸ் இருந்தார், ரால்ஃப் வூரீஸ். ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர், ஒரே காலம். நம்மூரில் வேலூர் முதலியார் என்று மட்டும் தெரிந்துகொண்டு ஆளைத் தேடினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

ரால்ஃப் கவர்னர் இல்லை, பாதிரியார் இல்லை, ஆட்டக்காரரும் இல்லை. பணம் இருந்தவர், அதைக் கல்லூரிகளுக்குக் கொடுத்தவர். கண் பார்வை இல்லாதவர். அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைக் குறிப்பிடும்போது அதையும் சேர்த்துத்தான் எழுதின. பந்தை எந்த மூலையில் அடிப்பது என்று முழிக்கிற என்னைப் போன்ற பையன்கள் ஓடின மண்ணுக்கு அவர் பெயர் என்று நினைத்தபோது ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் காபி குடித்துவிட்டுத் திரும்பப் படித்தேன். அவர் பெயரும் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கல்லூரியின் முழுப் பெயர் எலிசபெத் ராட்மன் வூரீஸ் கல்லூரி. எலிசபெத், ரால்ஃபின் மனைவி. துரை துரை என்று மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோமே, அது ஒரு அம்மாளுக்கு!

இந்த அம்மாள் பெயர் வேலூரோடு நிற்கவில்லை. மிச்சிகனில் ஹோப் கல்லூரியில் 1907-ல் கட்டிய பெண்கள் விடுதி, டென்னசியில் மேரிவில் கல்லூரியில் ஒரு தேவாலயம், நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரியில் இன்னொரு தேவாலயம், எல்லாம் எலிசபெத் வூரீஸ் பெயரில். சென்ற இடமெல்லாம் விடுதியும் கோயிலும் கிடைத்தன. வேலூரில் மட்டும் ஒரு கல்லூரி முழுசாகக் கிடைத்தது. கூடவே, யாரும் திட்டமிடாமல், ஒரு கோல் போஸ்டும்.

மனைவி பெயரில் தர்மம் செய்கிற அமெரிக்கர்கள் வேலூருக்குப் புதிதில்லை. ஆரணி ரோட்டில் இருக்கிற ஷெல் கண் ஆஸ்பத்திரி எல்லோருக்கும் தெரியும். ரொம்ப வருஷம் அதைப் பெட்ரோல் கம்பெனி கட்டிக்கொடுத்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. ராபர்ட் ஷெல் என்ற நியூயார்க் பாங்க்காரர், இறந்துபோன மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய ஐடா ஸ்கடரிடம் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902-ல் திறந்தார்கள். ஐடா ஸ்கடரின் தாத்தா ஜான் ஸ்கடர். அவருடைய பிள்ளைகள்தான் 1853-ல் ஆற்காடு மிஷனை ஆரம்பித்தவர்கள். ஆக எல்லாம் ஒரே வட்டம்.

குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் படித்த கல்லூரி என்பதைச் சொல்லாமல் வேலூரில் யாரும் ஊரிசு பேச்சை முடித்ததில்லை. நானும் சொல்லிவிட்டேன். திருத்தணிப் பையன், இங்கே படித்துவிட்டு மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். அப்போது திருத்தணியும் வட ஆற்காட்டில்தான் இருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் வந்தபோது அதோடு போய்விட்டது. அவரை வெளியூர்க்காரர் என்று சொல்கிறவர்களுக்காக இது.

பிப்ரவரி 10

வூரீஸ் எப்படி ஊரிசு ஆனது என்று கேட்டிருக்கிறாய். இதை ஏதோ கொச்சை என்று நினைக்காதே. தொல்காப்பியத்திலேயே இதற்கு விதி இருக்கிறது. வகரம் சொல்லுக்கு முதலில் வரும்போது உ, ஊ, ஒ, ஓ என்கிற நான்கு உயிரோடு சேர்ந்து வராது. வு, வூ, வொ, வோ என்று தமிழ்ச் சொல் தொடங்காது. வோட்டு நம் வாயில் ஓட்டு ஆனதும் இப்படித்தான். கடைசியில் நிற்கிற ஸ் என்பதற்கு ஒரு உகரம் கொடுத்துச் சு ஆக்கிவிட்டால் ஊரிசு. வேலூர்க்காரனின் நாக்கு இலக்கணம் படிக்காமலே இலக்கணப்படி நடந்திருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இது. வூரீஸ் டச்சுப் பெயர். நெதர்லாந்தில் ஹீஸ் என்று ஒரு சின்ன ஊர். வூர் என்றால் முன்னால். ஹீஸ் ஊருக்கு முன்னால் இருந்த குடும்பம், அதனால் வூர்ஹீஸ். நம்மூரில் ஏரிக்கரை வீடு, கோயில் தெரு வீடு என்று சொல்வதைப்போல. அந்தக் குடும்பத்தின் மூதாதை ஸ்டீவன் 1660-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். கப்பலின் பெயர் புள்ளி மாடு. நிஜமாகத்தான், டச்சில் பொன்டெ கூ.

டச்சுக்காரர் தன் பெயரில் ஓர் ஊரைச் சுமந்துகொண்டு புள்ளி மாட்டில் ஏறினார். இருநூற்றைம்பது வருஷம் கழித்து அந்தப் பெயர் வேலூரில் இறங்கியபோது நாம் அதன் தலையில் தமிழ் ஊரையே வைத்துவிட்டோம். சும்மா தற்செயல்தான். ஆனால் இரண்டு நாளாக இதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 11

"ஒரு அம்மா பேர்னு சொன்னா எங்க தாத்தா ஒத்துக்க மாட்டாரு" என்று எழுதியிருக்கிறாய். ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். அவருக்குத் துணைக்கு நிறையப் பேர் உண்டு. இன்றைக்கு ஆட்டோவில் போகும்போது கேட்டுப் பார்த்தேன். "ஊரிசுன்னா காலேஜு. ஆளு பேரா? இன்னாபா சொல்ற!" என்று கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார்.

நேதாஜி ஸ்டேடியத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் அங்கே கொடியேற்றி அணிவகுப்பு நடக்கிறது, யார் நினைவாக என்று குழந்தைக்கும் தெரியும். கோட்டைக்கு எதிரில் இருக்கிற மைதானத்துக்கோ யார் பெயரும் வேண்டியிருக்கவில்லை, கோட்டை மைதானம் என்றால் முடிந்தது. ஊரிசு இரண்டுக்கும் நடுவில். ஆள் பெயர்தான், ஆனால் ஆள் இல்லை.

பிப்ரவரி 11, சற்றுப் பிறகு

ஒரு திருத்தம். மைதானத்துக்கென்று தனியாக யாரும் பெயர் வைக்கவில்லை. கல்லூரிக்கு வைத்த பெயரை மைதானம் கடன் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். மேலே நான் எழுதியதைப் படித்தால் அந்த அம்மாளே வந்து ரிப்பன் வெட்டியதுபோல இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

என் அக்கா மகன் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறான். பதினோரு வருஷமாக இருக்கிறான். வீடியோவில் பேசும்போது வூரீஸ் என்று சொன்னேன்.

"மாமா, அது இங்க எங்க பார்த்தாலும் இருக்கு. ரட்கர்ஸ்ல புல்வெளி ஒண்ணு இருக்கு, வூரீஸ் மால்னு பேரு. பாப்பாவ சாக்கர் கிளாஸ் விடப் போற வழிதான்."

"நீ ஊரிசுல படிச்சவன்தானேடா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணா மாமா?"

மூன்று வருஷம் ஊரிசில் பி.எஸ்சி. கணிதம். பதினோரு வருஷம் வூரீஸ் பக்கத்தில். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று போட வரவில்லை. ஆனால் அவனைக் குறை சொல்ல முடியாது. அங்கே அதை வோர்ஹீஸ் என்கிறார்களாம், காதில் விழுந்தாலும் ஊரிசு என்று கேட்காது.

அவன் சொன்ன பிறகு ரட்கர்ஸைத் தோண்டினேன். வந்தது புதையல். டச்சுச் சீர்திருத்த சபைப் பாதிரியார்கள் 1766-ல் தொடங்கிய கல்லூரி அது. ஆற்காடு மிஷனை நடத்தியதும் அதே சபை. ரால்ஃப் வூரீஸ் பணத்தில் 1903-ல் அங்கே ஒரு நூலகம் எழுந்தது. அந்தப் புல்வெளியிலிருந்து நடக்கிற தூரத்தில் இப்போது ஒரு உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. அது நிற்கிற இடத்தில்தான் 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் பந்தாடின. அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் நடந்த முதல் புட்பால் ஆட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அது இப்போது அவர்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இடித்துக்கொள்கிற புட்பால் இல்லை. பந்து உருண்டை. தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, காலால் உதைக்கலாம், கையால் தட்டலாம். பக்கத்துக்கு 25 பேர்! ரட்கர்ஸ் பையன்கள் தலையில் சிவப்புத் துணியை முண்டாசாகக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முண்டாசு கட்டி ஐம்பது பேர் ஒரு பந்தைத் துரத்தினால் அது எங்கள் தெருவில் காணும் பொங்கல். 6-4 என்று ரட்கர்ஸ் ஜெயித்தது. அடுத்த வாரம் பிரின்ஸ்டனில் போய் 8-0 என்று வாங்கிக்கொண்டு வந்தது.

தாத்தாவிடம் இதைச் சொல். வூரீஸுக்கும் புட்பாலுக்கும் ஒட்டு உண்டு என்பதில் அவர் முழுத் தப்பில்லை. கோட்டைதான் தப்பு, நூற்றாண்டும் தப்பு, ஆளும் தப்பு.

பிப்ரவரி 17

இன்னொரு கல்லூரியும் அகப்பட்டது. தென் கரோலினாவில் டென்மார்க் என்ற ஊரில் வூரீஸ் பெயரில் ஒரு கல்லூரி. கறுப்பினப் பிள்ளைகளுக்காக எலிசபெத் 1897-ல் தொடங்கியது. எலிசபெத் அம்மாள் கட்டிடத்துக்குப் பெயர் கொடுத்தவர் மட்டும் இல்லை, நேரில் நின்று பள்ளியும் நடத்தியிருக்கிறார்!

பிப்ரவரி 18

இல்லை. அது வேறு எலிசபெத். நான் ஒரு கணக்கில் இரண்டு தடவை தவறுகிற மாணவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த எலிசபெத்தின் பெயர் எலிசபெத் எவலின் ரைட். ஜார்ஜியாவில் பிறந்த கறுப்பினப் பெண், டஸ்கிகி என்ற கறுப்பினக் கல்விக்கூடத்தில் படித்தவர். பள்ளிக்கூடம் தொடங்கினால் தீ வைத்தார்கள். வேறு இடத்தில் தொடங்கினார், அங்கேயும் தீ. கடைசியில் டென்மார்க்கில் ஒரு கடைக்கு மேலே மாடியில் வகுப்பு ஆரம்பித்தார். நிலம் வாங்கவும் கட்டிடம் கட்டவும் பணம் கொடுத்தவர்கள் ரால்ஃப் வூரீஸும் அவர் மனைவியும். அதனால் பள்ளிக்கு வூரீஸ் பெயர் வந்தது. ரைட் 1906-ல் இறந்தபோது வயது 34.

நேற்று ஒரு வரியில் இந்தப் பெண்ணின் வேலை முழுவதையும் எடுத்து இன்னொரு பெண் கணக்கில் எழுதிவிட்டேன். 1806 கதை சொன்ன மாஸ்டரைக் கிண்டல் செய்துகொண்டிருந்த அதே கை. மாஸ்டராவது பையன்கள் மண்ணை மதிக்கட்டும் என்று கதை விட்டார். எனக்கு அவசரம், வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 19

ஆமாம், பெனால்டியைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வருகிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பள்ளியின் பெயர் சொல்ல மாட்டேன் என்றதற்குக் காரணம் இதுதான். எங்கள் பள்ளி மைதானத்தில் கோடு போட்டது ஒரு தாத்தா. ஆணியால் ஓட்டை போட்ட பால் பவுடர் டின்னில் சுண்ணாம்பை நிரப்பிக்கொண்டு குலுக்கிக் குலுக்கி நடப்பார். கோடு வளையும், ஆனால் அழகாக வளையும். பெனால்டிப் புள்ளிக்கு கோல் கோட்டிலிருந்து பன்னிரண்டு எட்டு வைப்பார். பன்னிரண்டு கஜம் என்று விதி சொல்வதை அவர் பன்னிரண்டு எட்டு என்று எடுத்துக்கொண்டார். ஆள் ஐந்தடி இருந்தால் அதிகம்.

இதை முப்பத்தெட்டு வருஷமாக மனதில் வைத்திருக்கிறேன். என் கட்சி என்ன என்றால், நான் குட்டைப் பெனால்டியில் பழகினவன். ஊரிசு மைதானத்தில் அளவு சரியாக இருந்தது. அதனால்தான் பந்து போய்ச் சேர்வதற்குள் கோலிக்கு நேரம் கிடைத்தது. தேங்காய் வாங்கினான்.

இன்றைக்கு நிரூபிக்கலாம் என்று மொட்டை மாடிக்குப் போனேன். டேப் இல்லை. வீட்டம்மாவின் தையல் மிஷினில் தொங்குகிற அறுபது அங்குல நாடாவை எடுத்துப் போனேன். ஒரு நாடா ஐந்தடி. பன்னிரண்டு கஜம் முப்பத்தாறு அடி, அதாவது ஏழு நாடாவும் ஒரு அடியும். கிட்டத்தட்ட 11 மீட்டர். தாத்தாவின் ஒரு எட்டு இரண்டரை அடி என்று வைத்தால் பன்னிரண்டு எட்டுக்கு முப்பது அடி, சரியாக ஆறு நாடா.

எங்கள் மாடியின் நீளமும் சரியாக ஆறு நாடா! இந்தச் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்தால், அதுதான் என் பள்ளிக்கூடத்துப் பெனால்டி. ஊரிசுப் பெனால்டி அடிக்க வேண்டும் என்றால் பக்கத்து வீட்டு மாடியில் ஆறடி உள்ளே போய் நிற்க வேண்டும், அவர்கள் வடகம் காயப்போட்டிருக்கிற இடத்தில்.

"இன்னா அளக்கிறீங்க?" என்று வீட்டம்மா கேட்டாள். சொன்னேன். காய்ந்த சேலையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "நாடாவ இருந்த எடத்துல வெச்சிடுங்க" என்றாள்.

பிப்ரவரி 23, மாலை

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஊரிசுப் பக்கம் போனேன். பிப்ரவரியிலேயே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, வேலூரில் இதைச் சொன்னால் யாரும் நின்று கேட்க மாட்டார்கள். வெளியே நின்றே பார்த்தேன். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்துக்குத் தையல் வாய் இல்லை, செருப்பைக் குவித்து கோல் வைத்திருந்தார்கள். ஒருவன் கார்னர் அடிக்க ஓடும்போது வழியில் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது எங்கள் மாஸ்டரின் கதையிலிருந்து வழிவழியாக வந்ததா, இல்லை டி.வி.யில் பிரேசில்காரர்களைப் பார்த்துக் கற்றதா? கூப்பிட்டுக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் பந்து போய்விட்டது, அவனும் போய்விட்டான்.

பிப்ரவரி 24

ஒரு கேள்விக்குப் பதில்: இல்லை, எலிசபெத் அம்மாள் படத்தை மைதானத்தில் மாட்ட வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. படம் வைத்தால் அடுத்த நாளே அதற்கு முன்னால் பைக் நிற்கும்.

மார்ச் 2, ஞாயிறு

அந்தக் கோலியைப் பிடித்துவிட்டேன். தோட்டப்பாளையத்துக்காரன், இப்போது ஓய்வு பெற்றுச் சத்துவாச்சாரியில் இருக்கிறான். தெரிந்தவர் மூலம் நம்பர் கிடைத்தது. முப்பத்தெட்டு வருஷம் கழித்துப் பேசுகிறோம். பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. "86-ல் பெனால்டி" என்றேன். உடனே, "ஏய், லெப்ட் அவுட்!" என்றான்.

குட்டைப் பெனால்டி விவரத்தை முழுசாகச் சொன்னேன். நாடா, தாத்தா, பால் டின், வடகம், எல்லாம். பொறுமையாகக் கேட்டான்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. அன்னிக்கு மழைல பாயிண்டே அழிஞ்சி போச்சு, ஞாபகம் இல்ல? ரெஃப்ரிதான் கோட்டுலேர்ந்து நடந்து வந்து குதிகால்ல ஒரு பள்ளம் போட்டாரு. பந்த அதுல வெச்ச. வெச்சிட்டு ரெண்டு தடவ என் வலது கைப் பக்கம் பாத்த. நான் அங்கியே போய் நின்னேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? வேறு பேச்சு பேசினோம். அவனுக்கு முழங்கால் வலி, எனக்குச் சர்க்கரை. ஊரிசு என்பது ஒரு அம்மா பெயர் என்று சொன்னேன். "அப்படியா? எங்க மாஸ்டரு துரைன்னாரே" என்றான். அவர்களுக்கும் அதே கதை!

போனை வைத்த பிறகுதான் தோன்றியது. அந்த ரெஃப்ரி நல்ல உயரம். ஆறடிக்குக் குறையாது, ஊரே அண்ணாந்து பார்க்கும். அவர் பன்னிரண்டு எட்டு வைத்திருந்தால் முப்பத்தாறு அடியில் நின்றிருக்காது. கால் எட்டிப் போடுகிற ஆள் வேறு. நாற்பது அடிகூட இருந்திருக்கலாம். தம்பி, உங்கள் வீட்டு மாடி எவ்வளவு நீளம்?